ஐந்து குடத்துக் கடல்

கடற்படையின் முங்குகப்பல் ஆழத்துக்குள் இறங்கிய திங்கட்கிழமை காலையில் புன்னைமுனையில் ஐந்து வீட்டுக் குடத்துத் தண்ணீர் மட்டும் உப்புக் கரித்தது. ஊர்க்குழாயில் எல்லாரும் வரிசையில் நின்று, சண்டை போட்டு, சமாதானமாகிப் பிடித்த அதே தண்ணீர்தான். மற்ற வீடுகளில் அது இனித்தது. இந்த ஐந்து வீட்டில் மட்டும், வாயில் விட்டால் கடல், காதை வைத்தால் கடலுக்கும் கீழே ஏதோ ஒரு பெரிய வண்டு ஓயாமல் முரலுகிற மாதிரி ஒரு சத்தம். அந்த ஐந்து வீட்டிலும் வீட்டுக்கொரு பையன் அந்தக் கப்பலில் இருந்தான் என்பதால் ஊரில் யாரும் மலைத்து நிற்கவில்லை. பெற்ற வயிற்றுக்கு ஏதாவது ஒரு வழியில் தகவல் வந்துதானே தீரவேண்டும் என்றார்கள்.

டேங்க் ஆபரேட்டர் வந்து குடித்துப் பார்த்துத் துப்பிவிட்டு, டேங்கில் குற்றமில்லை, பிள்ளைகள் போன இடம் அப்படி என்று சொல்லிவிட்டுப் போனார். பங்குச்சாமியார் ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்து, இது அற்புதமா இல்லையா என்பதை மேற்றிராசன ஆயர்தான் சொல்லவேண்டும், ஆனால் உப்பு என்பது உண்மை என்றார். அந்தத் தண்ணீரில் மரச்சீனிக் கிழங்கு அவித்தால் தனியாக உப்புப் போட வேண்டாம் என்று மூன்றாம் நாள் ஒருத்தி கண்டுபிடித்தாள். அதிலிருந்து, “யக்கா, கில்பர்ட் தண்ணி ஒரு செம்பு தாங்க, எங்க வீட்டுக்காரருக்கு அதுல அவிச்சாத்தான் எறங்குது” என்று அந்தந்தப் பையன் பெயரைச் சொல்லிப் பக்கத்து வீட்டுக்காரிகள் பாத்திரத்தோடு வர, ஒரு வாரத்துக்குள் ஊரே ஐந்து பையன்களின் கடலில் கிழங்கு அவித்துத் தின்று பழகிவிட்டது.

தாய்மாருக்கு அது கிழங்குத் தண்ணீர் இல்லை. அதுவரை அவர்களிடம் இருந்ததெல்லாம் கடற்படை ஆளுக்கொன்றாக அனுப்பிய தகவல் புத்தகம். அதில் பாதி இந்தி, பாதி இங்கிலீஷ். அதிலிருந்து அவர்கள் தெரிந்துகொண்டது மூன்றே சங்கதி: கப்பல் எங்கே நிற்கிறது என்று கேட்கக் கூடாது, எப்போது வரும் என்று கேட்கக் கூடாது, வாரத்துக்கு ஒரு தடவை நாற்பது சொல்லுக்குள் சேதி அனுப்பலாம், கப்பல் அதைக் கேட்கும், ஆனால் பதில் பேசாது, பேசினால் இருக்கிற இடம் எதிரிக்குத் தெரிந்துபோகும். செம்மணல் தேரிக்காட்டில் பனைகளுக்கு மேலே நிற்கிற கடற்படைக் கோபுரம் வழியாகத்தான் அந்த நாற்பது சொல்லும் போகும் என்பதால், விசாகப்பட்டினத்துக் கடற்படை ஆபீசுக்குப் போன் போட்டுச் சொன்ன வார்த்தை திரும்பித் தங்கள் கூரைக்கு மேலேயே பறந்து போவதாக அவர்கள் நம்பினார்கள். இப்போது குடம் இருந்தது. முரல் கனத்தால் கப்பல் ஓடுகிறது, மெலிந்தால் பதுங்கி நிற்கிறது, குடத்தின் வெளிப்புறம் வியர்த்தால் ஆழம் அதிகம் என்று ஐந்து பேரும் பேசிப்பேசிப் பிடித்தார்கள். சனிக்கிழமை தோறும் பங்கு மண்டபத்தில் கூடி ஒருத்திக்கு ஒருத்தி ஆறுதல் சொல்லிக்கொண்டார்கள். சேதியைக் கேள்விப்பட்டு வெளியூர் முங்குகப்பல் தாய்மார்கூட பஸ் ஏறி வந்து, எந்தக் கப்பலானாலும் கடல் ஒன்றுதானே என்று காதை வைத்துக் கேட்டுவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு போனார்கள்.

அந்த ஐந்து வீட்டில் ஒன்று பிரின்சியின் வீடு. கப்பலில் இருந்தது அவள் அண்ணன் ஜெரோம். அம்மா மெற்றில்டாள் விடிந்ததும் கருவாட்டுக் களத்துக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் திரும்புவாள். பதினாறு வயதுப் பிரின்சிக்குப் பள்ளிக்கூடம் லீவு. அவள் தொண்டைக்கு மட்டும் எந்தக் காலத்திலும் லீவு கிடையாது. மீன் ஏலம் கூறுகிறவரின் அவசரம், கன்னியாகுமரி பஸ் கண்டக்டரின் அலுப்பு, பூசையில் இழுத்துப் பாடும் சாமியாரின் மூக்கு, தாய்மாருக்கு உதவிக்கென்று விசாகப்பட்டினத்திலிருந்து போனில் பேசுகிற அதிகாரி வீட்டு மேடத்தின் உடைந்த தமிழ், எல்லாம் அவள் நாக்குக்குக் கீழே குடியிருந்தன. “கவலை படக்கூடாது அம்மா. சேதி வரலைன்னா, சேதி நல்லா இருக்கு” என்று அவள் மேடமாகிச் சொன்னால் மெற்றில்டாளே தலைச்சும்மாட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்து நிற்பாள்.

ஒரு குடத்துக்குள் பேசினால் மற்ற நான்கிலும் கேட்கும் என்பதை முதலில் கண்டுபிடித்ததும் அவள்தான். ஒரு மத்தியானம் சும்மா குடத்துக்குள் தலையை விட்டுச் சாமியார் குரலில், “மகளே, வெள்ளிக்கிழமை இறைச்சி தின்றாயா?” என்று கேட்க, மேலத்தெருவிலிருந்து தையல்காரி கணபதியம்மாள், “நான் சைவம்லா சாமி, ஆள் மாறி வந்துட்டீரு” என்று பதில் சொன்னாள். அதன்பிறகு ஐந்து அடுப்படியும் ஒரே அடுப்படியாயிற்று. குழம்பு கொதிக்கும்போதே புறணி பேசினார்கள். நடுவில் மேடம் வந்தாள், கண்டக்டர் வந்தார். “ஏட்டி பிரின்சி, பேதில போவா, சிரிப்புல சோத்தக் கொளைய விட்டுட்டேன்” என்று நாலு குடமும் திட்டின. அந்தத் திட்டு அவளுக்குப் பாயசம்.

அடுத்த தெரு சலேத்தம்மாளின் மகன் கில்பர்ட் குரலை அவள் எடுத்ததும் அந்தத் திட்டுக்காகத்தான். இதைப் பிற்பாடு அவள் எத்தனையோ தடவை தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள், திட்டுக்காகத்தான், வேறெதற்கும் இல்லை. கில்பர்ட் எதைச் சொல்லுமுன்பும் ஒரு சின்ன இருமல் இருமுவான், அம்மாவை ‘எம்மோ’ என்று இரண்டு மாத்திரை நீட்டிக் கூப்பிடுவான். பெருநாள் மேடையில் அவனை வைத்துக்கொண்டே அவள் செய்துகாட்டி, அவனே விழுந்து விழுந்து சிரித்திருக்கிறான். அன்று மத்தியானம் ஒரு இருமல் இருமினாள்.

“எம்மோ, நல்லாருக்கியா?”

திட்டு வரவில்லை. பிறகு சலேத்தம்மாளின் குரல், அடுப்பிலிருந்து இறக்கின பாலைப்போல நடுங்கிக்கொண்டு, “மக்கா... சாப்ட்டியா மக்கா?” என்று கேட்டது.

அந்த இடத்தில் சிரித்திருக்க வேண்டும். சிரித்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். பிரின்சியின் வாய் சிரிக்கத்தான் திறந்தது. திறந்த வாயிலிருந்து, “சாப்ட்டேம்மா” என்று வந்தது.

மறுநாள் முதல் அது ஒரு வேலையாயிற்று. கில்பர்ட் பேசினான் என்று கேட்டதும் கணபதியம்மாள் தன் மகனைக் கேட்டு மன்றாடினாள். மற்ற இரண்டு தாய்மாரான சுனைத்தெரு அக்கா தங்கச்சி இருவரும் தங்கள் பிள்ளைகளைக் கேட்டார்கள். பிரின்சி நாலு பேரையும் முறைவைத்துக் கொண்டுவந்தாள், ஒருவனுக்குக் கட்டைக் குரல், ஒருவனுக்கு அவசரம், ஒருவனுக்குப் பாதிப் பேச்சில் வரும் கொட்டாவி. மத்தியானம் பன்னிரண்டரைக்கு ஊரில் நாலு தாய்மார் அடுப்பை அணைத்துவிட்டுக் குடத்தருகே குந்தினார்கள். கப்பல் பேசாது என்று புத்தகம் சொல்கிறதே என்று யாரோ கேட்டதற்கு, கப்பல் பேசாது, பிள்ளை பேசுவான் என்று கணபதியம்மாள் சொன்னாள். அத்தோடு ஊரும் அதை ஏற்றுக்கொண்டது. பிரின்சியின் விளையாட்டு நினைவுக்கு வராமலிருக்கவே எல்லாரும் விரும்பினார்கள். பன்னிரண்டரைக்கு அந்தத் தெருக்களில் யாரும் ஹாரன் அடிப்பதில்லை.

பேசாதவன் ஜெரோம் ஒருவன்தான். தன் குடத்துக்குத் தானே எப்படிப் பேசுவது? பொழுது சாய்ந்து களத்திலிருந்து வருகிற மெற்றில்டாள் செதில் ஒட்டிய கையைக்கூடக் கழுவாமல் குடத்தருகே உட்கார்ந்து, “இன்னைக்காது எம்மவன் வாயத் தொறந்தானாட்டி?” என்று கேட்பாள். இல்லை என்று பிரின்சி தலையை ஆட்டுவாள். “வேல கூடுதலா இருக்கும்” என்பாள் மெற்றில்டாள் முதலில். பிறகு, “எம்மேல என்ன கோவமோ” என்றாள். பிறகு சனிக்கிழமைக் கூட்டத்துக்குப் போவதைக் குறைத்துக்கொண்டாள், அங்கே மற்ற நாலு பேரும் தன்னைப் பார்த்தவுடன் பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டு விலைவாசியைப் பேசினார்கள் என்பதால். பிரின்சி சோற்றைப் பிசைந்தபடி குனிந்தே இருந்தாள்.

கில்பர்ட் பேசத் தொடங்கிய பதினேழாம் நாள், வியாழக்கிழமை, சலேத்தம்மாள் ஒரு காகிதத்தோடு குடத்தருகே வந்தாள். காகிதம் மடங்குகிற சத்தம்கூடக் கேட்டது. அவள் புருஷன் பிளவேந்திரனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய், வாரத்துக்கு இரண்டு தடவை டவுனுக்குக் கொண்டுபோய் ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக் கூட்டி வருகிற நிலைமை. கப்பலில் போகிற ஒவ்வொருவனிடமும் கடற்படை ஒரு கேள்வி கேட்டு எழுதி வாங்கும்: நீ அடியில் இருக்கும்போது வீட்டில் சாவு விழுந்தால் உனக்கு அப்போதே சொல்லவா, மேலே வந்த பிறகு சொல்லவா? கில்பர்ட் அந்தக் கட்டத்தை நிரப்பாமல், அம்மா முடிவு பண்ணட்டும் என்று விட்டுப் போயிருந்தான்.

“நான் என்னத்த முடிவு பண்ண மக்கா” என்றாள் சலேத்தம்மாள். “சொன்னா நீ அங்கன கெடந்து எப்பிடித் தாங்குவ. சொல்லாட்டி நாளைக்கு வந்து எம்மொகத்தப் பாப்பியா. ஒங்கப்பா நெலம சரியில்ல. நீயே சொல்லிரு. எந்தக் கட்டத்துல டிக் அடிக்கட்டும்?”

பிரின்சி குடத்திலிருந்து தலையை எடுத்திருக்கலாம். ஆனால் ஒருவன் குரலை எடுத்தவளுக்கு அவன் என்ன சொல்வான் என்பதும் தெரியும் என்கிற திமிர் அவளுக்கு இருந்தது. அவள் இருமினாள். அந்த இருமல் நன்றாக விழுந்தது என்று அவளுக்கே பட்டது.

“வேண்டாம்மோ. மேல வந்த பொறவு அறிஞ்சிக்கிடுதேன். நீ அப்பாவ நல்லாப் பாத்துக்கோ.”

“சரி மக்கா” என்றாள் சலேத்தம்மாள். மறுநாள் காகிதம் தபாலில் போயிற்று.

சனிக்கிழமை பதினோரு மணிக்குத் தாய்மார் மண்டபத்தில் இருந்தபோது குடம் தானாகப் பேசியது.

“பிரின்சி, இருக்கியா?”

மூச்சு வாங்குகிற ஆண்குரல். கட்டிலிலிருந்து அடுப்படிவரை நகர்ந்து வந்த களைப்பு அதில் இருந்தது. பிரின்சி வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இருக்கன்னு தெரியும். நான் கில்பர்ட் அப்பா பேசுதேன், ஒன் பெரியப்பா. நாப்பது வருசம் கடல்ல கெடந்தவம்லா, காத்து எந்தப் பக்கம் வருதுன்னு காதுக்குத் தெரியாதா. மொத நாளே கண்டுக்கிட்டேன். அவ சந்தோசமா இருந்தா. சரி, இருந்துட்டுப் போட்டும்னு விட்டேன்.” அவர் நிறுத்தி மூச்சு விட்டார். “ஆனா வியாழக்கெழம சொன்னது தப்புட்டி. நான் போனா எம்மவனுக்கு அன்னைக்கே தெரியணும். அவன் எங்க கெடந்தாலும் சரி, நான் மண்ணுக்குள்ள போற நேரம் அவனுக்குத் தெரிஞ்சிருக்கணும். நான் சொன்னா அவ கேக்க மாட்டா, புள்ள வாயால வேண்டாம்னுட்டான்பா. கட்டுனத நீயே அவுத்துரு. என்ன?”

“சரி பெரியப்பா” என்றாள் பிரின்சி, யாருடைய குரல் என்று அவளுக்கே தெரியாத ஒரு குரலில்.

ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமை சலேத்தம்மாள் பூசையிலிருந்து வருகிற வழியில் நின்று, அவள் கன்னத்தை வழித்து, மெலிஞ்சிட்டியே என்றாள். திங்கட்கிழமை சொல்லிவிடலாம் என்று அந்தத் தெருமுனைவரை போய், அங்கே நின்ற ஆட்டுக்குட்டியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பினாள். சனிக்கிழமையோடு பிள்ளைகளின் பேச்சு நின்றுபோயிற்று, அந்த இரண்டு நாளும் குடங்கள் வெறுமனே முரன்றன. பெரியப்பா தேறிவிடுவார் என்றுகூட வேண்டிக்கொண்டாள். அந்த வேண்டுதலில் பெரியப்பாவைவிட அவள்தான் அதிகம் இருந்தாள் என்பது வேண்டும்போதே அவளுக்குத் தெரிந்தது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் பிளவேந்திரன் இறந்துபோனார்.

புதன்கிழமை நாலு மணிக்கு அடக்கம். பத்து மணிக்கெல்லாம் வீடு கொள்ளாத கூட்டம். மகனுக்குச் சொல்லியாச்சா என்று வருகிறவர்கள் எல்லாரும் கேட்க, சலேத்தம்மாள் எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொன்னாள்: “அவனே வேண்டாம்னுட்டான். அவம் மனசு எனக்குத் தெரியும்.” அதைச் சொல்லும்போது துக்கத்துக்கு நடுவிலும் அவள் முகத்தில் ஒரு பெருமை வந்து போயிற்று. சுவரோரம் நின்ற பிரின்சி அந்தப் பெருமையைப் பார்த்தாள். பார்த்துவிட்டு வெளியே வந்து, ஓடாமல், நடந்து, தன் வீட்டு அடுப்படிக்குப் போய்க் குடத்தின்மேல் குனிந்தாள்.

பழக்கம் முந்திக்கொண்டது. தொண்டை தானாக இருமிவிட்டது. “எம்மோ” என்று அது கில்பர்ட்டாகவே கூப்பிட்டது. சாவுவீட்டு அடுப்படிக் குடத்திலிருந்து அந்தக் குரல் எழுந்ததும் ஒப்பாரி அப்படியே நின்றது. “பேசுதான், கில்பர்ட் பேசுதான்” என்று பெண்கள் ஒருவரையொருவர் அமர்த்தினார்கள். அந்த அமைதி ஐந்து குடத்திலும் வந்து நிரம்பியது.

“நான் கில்பர்ட் இல்ல” என்றாள் பிரின்சி. அது சாமியார் குரலில் வந்தது. மறுபடி சொன்னாள், மேடத்தின் குரலில் வந்தது. மூன்றாம் தடவை, ஒரு அழகும் இல்லாத, கொஞ்சம் கீச்சென்ற, இந்த ஊர் இதுவரை காதில் வாங்காத ஒரு குரல் வந்தது. “பெரியம்மை, நான் பிரின்சி. பேசுனதெல்லாம் நாந்தான். வேண்டாம்னு சொன்னதும் நாந்தான். சொல்லணும்னு பெரியப்பா எங்கிட்ட சொன்னாவ. சனிக்கெழமயே சொன்னாவ.”

சேலை உரசக் குடத்தருகே யாரோ வந்து குந்துகிற சத்தம் கேட்டது. பிறகு சலேத்தம்மாள் சொன்னாள்: “இங்க வா.”

அந்த ஒரு தெருவை அவள் எப்படிக் கடந்தாள் என்பது அவளுக்கு நினைவில்லை. வாசலில் நின்றவர்கள் வழிவிட்டது நினைவிருக்கிறது. மற்ற மூன்று தாய்மாரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மெற்றில்டாள் முந்தானையால் முகத்தை முழுசாக மூடிக்கொண்டிருந்தாள். சலேத்தம்மாள் புருஷனின் தலைமாட்டில் இருந்தாள், கண்ணில் தண்ணீர் இல்லை.

“அவரு என்ன சொன்னாரு?”

பிரின்சி சொல்ல வாயெடுத்தாள்.

“ஒங்கொரல்ல இல்ல” என்றாள் சலேத்தம்மாள். “அவரு கொரல்ல சொல்லு.”

“பெரியம்மை...”

“எம்மவன் கொரல்ல நீ பத்தொம்பது நாள் சொன்னதயெல்லாம் நான் நம்புனேன். இத மட்டும் வெறும் வாயால சொல்லி நான் எப்பிடி நம்ப. சொல்லு.”

செத்தவரின் கால்மாட்டில் நின்றுகொண்டு, ஊரே பார்க்க, பிரின்சி செத்தவராகப் பேசினாள். மூச்சு வாங்கினாள், நிறுத்தினாள், நாப்பது வருசம் கடல்ல கெடந்தவம்லா என்றாள். அவ சந்தோசமா இருந்தா என்ற இடத்தில் சலேத்தம்மாள் புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வார்த்தை பிசகவில்லை. அவள் வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக அதற்கு முன்னும் பின்னும் செய்ததில்லை. யாரும் சிரிக்கவில்லை, யாரும் திட்டவில்லை.

விசாகப்பட்டினத்து மேடத்துக்கு அவளையே போன் போடச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்ததை மாற்றக் காரணம் என்ன, பேசுகிறவர் என்ன உறவு என்று மேடம் கேட்டாள். பக்கத்துத் தெருப் பெண், வேண்டாம் என்று பொய்யாகச் சொன்னது நான்தான் என்று பிரின்சி சொன்னாள். மறுபக்கம் பேனா ஓடுகிற சத்தம் கேட்டது. “உன் பெயரும் இதில் போடணும் அம்மா” என்று மேடம் சொன்னாள். பிரின்சி எழுத்து எழுத்தாகச் சொல்லிக் கொடுத்தாள். பிறகு சலேத்தம்மாள் சொல்லச் சொல்லச் சேதி போயிற்று: “மக்கா, அப்பா செவ்வாய்க்கிழமை மத்தியானம் போயிட்டாவ. கடைசியா ஒன் பேரத்தான் சொன்னாவ. இன்னைக்கு நாலு மணிக்கு அடக்கம். நீ அழணும்னா அழு. வேலையில கவனம் வை. கூட இருக்க பிள்ளைகளுக்கும் சொல்லு. நான் இருக்கேன். அம்மா.” நாற்பது சொல் உண்டு, இன்னும் சொல்லலாம் என்றார்கள். போதும் என்றாள்.

பெட்டியை மூடப்போகிற நேரத்தில் ஐந்து வீட்டுக் குடத்திலும் முரல் நின்றது. செபமாலையில் பத்து மணிகளை உருட்டுகிற நேரம் அந்தப் பெரிய வண்டு மூச்சுக்கூட விடவில்லை. பிறகு மெதுவாகத் தொடங்கியது. சாமியார் அதுவரை காத்திருந்துவிட்டுத்தான் முதல் பாட்டை எடுத்தார்.

அதற்குப் பிறகு ஊர் பிரின்சியை ஒன்றும் செய்யவில்லை. அவள் வந்தால் பேச்சை மட்டும் நிறுத்தியது. மீன் ஏலம் கூறுகிறவர் அவளைக் கண்டதும் விரலால் விலை காட்டினார். சாமியார் அவள் முன்வரிசையில் இருந்தால் பாடாமல் படித்தார். பேசினால் எடுத்துக்கொண்டு போய்விடுவாள் என்கிற மாதிரி பெண்கள் முந்தானையை வாயில் வைத்தார்கள். வீட்டில் மெற்றில்டாள் ஒரு தடவைதான் கேட்டாள். “ஒங்கண்ணன் மாதிரி ஒனக்குப் பேச வருமாட்டி?” வரும் என்றாள் பிரின்சி. “எனக்குப் பேசிராத” என்றாள் மெற்றில்டாள்.

முப்பதாம் நாள் பூசையும் முடிந்து, மழை இரண்டு தடவை பெய்து, ஒரு வெள்ளிக்கிழமை ஐந்து குடமும் இனித்தன. அன்று ஊரில் எல்லா வீட்டுக் கிழங்கும் சப்பென்று இருந்தது. அதிலிருந்து ஒன்பதாம் நாள் கில்பர்ட் தாடியோடு வந்தான். கல்லறைக்குப் போனான், அம்மாவோடு மூன்று நாள் இருந்தான். நாலாம் நாள் மத்தியானம் பிரின்சியின் வீட்டு வாசலில் வந்து, பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அடி விழும் என்று அவள் நினைத்தாள். விழுந்தால் நல்லது என்றும் நினைத்தாள்.

“எங்கம்மா பத்தொம்பது நாளு எங்கிட்ட என்னெல்லாம் சொன்னா?” என்று அவன் கேட்டான்.

அவள் வாசற்படியில் உட்கார்ந்தாள்.

“அவட்ட கேட்டேன். மறந்துட்டேன்ங்கா, மொகத்தத் திருப்பிக்கிடுதா. நேர்ல வாயே தொறக்காதவ, கொடத்துல என்னத்தயெல்லாமோ சொல்லிருக்கா போல. அது எனக்குச் சொன்னது பிரின்சி. ஒங்கிட்ட மாட்டிக் கெடக்கு. அத எனக்குத் தந்துரு.”

அந்த வீட்டிலிருந்து தான் எடுத்தது ஒரு இருமலும் ஒரு ‘எம்மோ’வும் என்றுதான் அவள் இதுவரை நினைத்திருந்தாள். தொண்டைக்குள் சலேத்தம்மாள் எழுந்து வந்தாள், அந்த நடுக்கத்தோடு, அப்படியே.

“அம்மா மாதிரி வேண்டாம்” என்றான் கில்பர்ட், அவள் வாயெடுக்கு முன்பே. “நீயாச் சொல்லு.”

“மொத நாளு...” என்று அந்தக் கீச்சுக் குரல் தடுக்கித் தடுக்கி ஆரம்பித்தது. “மொத நாளு, சாப்ட்டியான்னு கேட்டாவ. சாப்ட்டேன்னு சொன்னேன். என்ன சாப்பாடுன்னு கேட்டாவ. முட்டைன்னு சொன்னேன்.”

“எனக்கு முட்ட ஆகாதுல்லா.”

“பெரியம்மையும் அதத்தான் சொன்னாவ. சின்னதுலேருந்து ஒனக்கு முட்ட ஆகாதே, அங்கன வேற கெடைக்காம அதையும் தின்னப் பழகிட்டியே மக்கான்னு சொல்லிட்டு, ரொம்ப நேரம் அழுதாவ.”

கில்பர்ட் தரையைப் பார்த்தான். “ரெண்டாம் நாளு?” என்றான்.

இரண்டாம் நாளைச் சொன்னாள். மூன்றாம் நாளைச் சொன்னாள். நடுவில் மெற்றில்டாள் களத்திலிருந்து வந்து, ஒன்றும் கேட்காமல் இரண்டு பேருக்கும் பால் விடாத கட்டஞ்சாயா வைத்துவிட்டு உள்ளே போனாள். வெயில் வாசலைக் கடந்து எதிர்ச்சுவரில் ஏறியது. பதினாறாம் நாள் முடிந்து அந்த வியாழக்கிழமை வந்ததும் பிரின்சி நிறுத்திவிட்டாள். கையிலிருந்த சாயா ஆறிப்போயிருந்தது.

கில்பர்ட் எழுந்து போகவில்லை.

“அதையும் சொல்லு” என்றான்.